யாரோ வருவார் என்றிராதீர்!

ஆவடியிலே டாங்கி செய்கிறார்கள். 'விஜயந்தா' என்று பெயர் சூட்டப்பட்ட டாங்கி, 1965-ஆம் ஆண்டிலே அங்கிருந்துதான் புறப்பட்டது. அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் இருக்கின்றன. நாட்டின் எல்லைக்கு ஆபத்து என்றால், எடுத்து நீட்ட இரும்பும் உண்டு, எழுந்து நிற்க ஆளும் உண்டு. அந்த ஆவடிக்கு வடக்கே, செங்குன்றத்துக்குப் போகும் வழியிலே இருப்பது வெள்ளானூர். சற்றுத் தொலைவில் புழல் ஏரி, சுற்றிலும் சின்னச் சின்ன ஏரிகள், இடையிடையே கல்லூரிகள், நேற்றுவரை வயலாக இருந்து இன்று வீடாகிவிட்ட மனைகள்.

வெள்ளானூர்ப் பக்கம் ஒரு நாள் சென்றிருந்தோம். டீக்கடை ஒன்றிலே நான்கைந்து இளைஞர்கள் நின்றிருந்தனர். படித்த பிள்ளைகள், பண்பான பிள்ளைகள். பேச்சு மழையைப் பற்றித் திரும்பிற்று.

"ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவிலே இடுப்பளவு தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள், தம்பி?" என்று கேட்டோம்.

"மொட்டை மாடிக்குப் போயிடுவோம், சார்" என்றான் ஒருவன்.

"மொட்டை மாடி இல்லாத வீட்டுக்காரர்?"

"108-க்கு ஃபோன் போடுவோம்."

"ஃபோன் வேலை செய்யவில்லை என்றால்?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பதில் வரவில்லை. பெஞ்சிலே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர்தாம் முடிவாகச் சொன்னார்: "இந்த நாட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது தம்பி. மிலிட்டரி ஆட்சி வந்தால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கும்!"

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். ஆனால் அந்த மௌனமும் அந்தப் பெரியவரின் வாசகமும் நம்மை விட்டு அகலவில்லை. எண்ணிப் பார்க்க எண்ணிப் பார்க்க, இரண்டும் ஒரே விதையில் முளைத்த இரண்டு கிளைகள் என்றே நமக்குத் தோன்றுகிறது. தனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது என்று எண்ணுகிறவன்தான், எல்லாம் செய்யத் தெரிந்த ஒருவன் கையிலே சாட்டையைக் கொடுக்க ஏங்குகிறான். இளைஞனிடத்தில் மௌனமாக இருப்பது முதியவனிடத்தில் எசமானைத் தேடும் ஏக்கமாக முற்றிவிடுகிறது. ஆகவேதான், மழைக்கும் புயலுக்கும் ஆயத்தமாவது ஏதோ பொழுதுபோக்குச் சேவை அன்று, சுதந்தர நாட்டு மக்களின் முதற் கடமை என்று கூறத் துணிகிறோம்.

சென்னைக்கு மழையும் வெள்ளமும் புதியன அல்ல. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை எவர் மறப்பார்? தாம்பரத்திலே ஒரு நாளில் 49 சென்டிமீட்டர். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அன்றிரவு அடையாற்றிலே பாய்ந்தது. மின்சாரம் நின்றது, தொலைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன, விமான நிலையத்தின் ஓடுபாதை குளமாயிற்று. நூறாண்டுக்கு மேலாக நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த ஆங்கில நாளேடு ஒன்று, அச்சகத்துக்குத் தொழிலாளர் வந்து சேர முடியாமையால் மறுநாள் வெளிவரவில்லை. அந்த மழைக்காலத்திலே தமிழகத்தில் மாண்டவர் நானூற்றுக்கும் மேற்பட்டோர்.

அந்த இரவிலே முதலிலே வந்தவர் யார்? பட்டாளம் வந்தது, மறுப்பதற்கில்லை. அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தது. அவர்கள் செய்த பணிக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் எத்தனை படை வந்தாலும், எத்தனை தெருவுக்கு, எத்தனை வீட்டுக்கு ஒரே இரவில் போக முடியும்? முதல் சில மணி நேரத்திலே அருகில் இருப்பவன் அண்டைவீட்டுக்காரன் ஒருவன்தான். அவனுக்கு வழி தெரிந்தால் உயிர் பிழைக்கும். தெரியாவிட்டால் படை வந்து பிணத்தைத்தான் எடுக்கும்.

படகுகளோடு நகருக்குள்ளே வந்தவர்கள் கடற்கரைக் குப்பங்களின் மீனவத் தோழர்கள். அவர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. படகை லாரியிலே ஏற்றிக்கொண்டு வந்தார்கள்; மாடி வீட்டுக்காரரை மாடியிலிருந்து இறக்கினார்கள். மீன் வாடை என்று மூக்கைப் பொத்திய நகரம், அன்று அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறியது! அவர்களிடம் இருந்தது என்ன? அன்பு இருந்தது, அது மற்றவரிடத்தும் இருந்தது. கரையிலே கைபிசைந்து நின்ற கல்லூரி மாணவனிடத்தும் அன்பு குறையவில்லை. ஆனால் மீனவனிடத்திலே அன்போடு படகு இருந்தது. படகோடு பழக்கமும் இருந்தது. நீரின் இழுப்பைக் கண்டு அஞ்சாத பழக்கம், கயிற்றை வீசும் பழக்கம், நான்கு பேர் சேர்ந்து ஒருவன் சொல் கேட்டு உழைக்கும் பழக்கம். அந்தப் பழக்கம்தான் அன்று உயிர்களைக் காத்தது.

எட்டாண்டு கழித்து, 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 நாட்களிலே மிக்ஜாம் புயல் வந்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் தெருக்கள் நீரில் நின்றன. குழந்தைக்குப் பாலுக்கும் குடிக்கத் தண்ணீருக்கும் மக்கள் அலைந்தார்கள். 2015-லே கற்ற பாடத்தை எத்தனை தெருக்கள் நினைவில் வைத்திருந்தன? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஆழிப்பேரலையிலே தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. அதே நாளில் புதுவையை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் சிற்றூரிலே, ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள். எப்படி? அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலே வேலை பார்த்துவந்தார். பூகம்பச் செய்தியை அங்கே கேட்டதும் ஊருக்குத் தொலைபேசியிலே சொன்னார். ஊரிலே, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த செய்தி மையம் ஒன்று இருந்தது. அதிலே ஒலிபெருக்கி இருந்தது. பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், "ஓடுங்கள்" என்று ஒலிபெருக்கியிலே கூவினார்கள். ஊர் ஓடிற்று, பிழைத்தது.

அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலைக்கென்று வைக்கப்பட்டதா? இல்லை. கடல் நிலவரமும் வானிலையும் நாள்தோறும் சொல்வதற்காக வைக்கப்பட்டது. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் ஆதலால்தான் அன்றும் ஊர் நம்பியது, நம்பியதால் ஓடியது. ஆபத்துக்கென்று தனியாக வாங்கிப் பெட்டியிலே பூட்டிவைத்த கருவி, ஆபத்து வரும்போது எவருக்கும் இயக்கத் தெரியாத கருவியாகத்தான் இருக்கும். அன்றாடம் ஊருக்குப் பயன்படுவது எதுவோ, அதுவே ஆபத்திலும் கைகொடுக்கும். ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, கதவை உடைக்கத் தயங்காத இரண்டு கைகள். ஓர் ஊரே மிஞ்சிற்று!

"அப்படியானால் எல்லா இளைஞர்க்கும் கட்டாயப் பயிற்சி என்று சட்டம் போட்டுவிட்டால் போகிறது!" என்பார் சிலர். அதுவும் இந்த நாட்டிலே நடந்து பார்த்ததுதான். 1962-ஆம் ஆண்டு சீனப் படையெடுப்பின்போது, அக்டோபர் 26-ஆம் நாள் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறு ஆண்டு, கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஐந்தாண்டு நடந்தது, 1968-லே கட்டாயம் கைவிடப்பட்டது. விரும்பிச் சேர்ந்தவர்களால் அந்தப் படை இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. மறு ஆண்டு, 1969-லே, நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. மாணவனை அதட்டி வரிசையில் நிறுத்தலாம். அதட்டி அவன் உள்ளத்திலே அண்டைவீட்டானைப் பற்றிய கவலையை உண்டாக்க முடியுமா?

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1962-லே எல்லையில் துப்பாக்கிகள் ஓய ஏறத்தாழ ஒரு மாதமே ஆயிற்று. ஆனால் அப்போது பிரகடனம் செய்த நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை, ஐந்தாண்டுக்கு மேல், நீடித்தது! பிறகு 1975-ஆம் ஆண்டு ஜூன் 25 வந்தது. உள்நாட்டுக் குழப்பம் என்று காரணம் கூறி மீண்டும் ஒரு நெருக்கடி நிலை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, தலைவர்களுக்குச் சிறை, 1976 ஜனவரி 31-லே தமிழகத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசே கலைக்கப்பட்டது. 1977 மார்ச்சிலேதான் அந்த இருள் நீங்கிற்று. அப்போதும் சிலர் சொன்னார்கள்: "ரயில் நேரத்துக்கு வருகிறதே!" என்று. டீக்கடைப் பெரியவரின் வாசகத்துக்கும் இதற்கும் தொலைவு எவ்வளவு?

ஆபத்து வரும்; இயற்கையை எவரும் தடுக்க முடியாது. ஆபத்திலே மக்கள் கைபிசைந்து நின்றால், "எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிடுங்கள், எதுவும் கேளாதீர்கள்" என்று ஒருவர் முன்வருவார். கலங்கிய மக்கள் கொடுத்துவிடுவார்கள். வெள்ளம் வடியும், கொடுத்த உரிமை திரும்பாது. மாறாக, தெருவுக்குப் பத்துப் பேர் தம் வேலையைத் தெரிந்தவராய் இருந்தால், அந்த மக்கள் அதிகாரியைப் பார்த்து அழமாட்டார்கள், கணக்குக் கேட்பார்கள். கேட்கத் தெரிந்த மக்களை எவரும் ஆட்டிவைக்க முடியாது.

விரும்பி வருவோர்க்கு வழியில்லையா என்றால், உண்டு. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்க்காவல் படை இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிவில் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் ஓர் ஆணையம் இருக்க வேண்டும் என்கிறது. ஊர்த் தன்னார்வலர்க்குப் பயிற்சி தர 'ஆப்த மித்ரா' என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு மே 7-லே நாடெங்கும் சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. நம் பக்கத்திலே சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடத்தினார்கள். செய்தியைப் படித்தோம், பக்கத்தைப் புரட்டினோம். துறைமுகத்தில் நடந்த ஒத்திகை நம் தெருவில் நடக்க வேண்டாமா?

ஆபத்து என்றால் புயல் மட்டுமா? வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் வெளிவட்டச் சாலையிலே வாகனங்கள் பறக்கின்றன. அடிபட்டவன் சாலையோரம் கிடந்தால், "போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே" என்று விலகிப் போகிறவர் உண்டு. அந்த அச்சத்துக்கு இனி இடமில்லை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. அவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சட்டம் துணை நிற்கிறது; இனிக் கை நீள வேண்டியதுதான் பாக்கி.

கை நீண்டால் போதுமா? கைக்கு வேலை தெரிய வேண்டும். மூச்சு நின்றவனுக்கு, நெஞ்செலும்பின் நடுவிலே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழம் அழுத்த வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் கற்கலாம். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்குவதும் கத்தியால் கீறுவதும் கேடு. கடிபட்டவரை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் ஓர் உயிர் நிற்கும். வீட்டுக்குள் நீர் நுழையுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். நீர் நிற்கும் தெருவிலே மின்கம்பத்தின் அருகே போகலாகாது. மூழ்குகிறவனைக் கண்டதும் நீச்சல் தெரியாதவன் குதிப்பது வீரம் அன்று. ஒரு சாவு இரண்டாகும். கயிற்றை வீசு, புடவையை வீசு, மூடி இறுகிய காலித் தண்ணீர்க் கேனை வீசு. வீட்டுக்கு வீடு இருக்கும் இருபது லிட்டர் கேன் ஒருவனை மிதக்கவைக்கும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

எல்லாவற்றுக்கும் முன்னே, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தெருவிலே படுக்கையாய்க் கிடக்கும் முதியவர் எந்த வீட்டில்? நிறைமாதக் கர்ப்பிணி எந்த வீட்டில்? கண் தெரியாதவர் யார்? எந்த வீட்டின் மாடி உயரம்? எவரிடம் வண்டி உண்டு, எவரிடம் கயிறு உண்டு? இதை எழுதிவைக்க எந்த உத்தரவும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்தப் புத்தகத்திலே தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளரின் பெயரும் இருக்க வேண்டும். 2014 ஜூன் 28-லே மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். நம் ஊரில் செங்கல் சுமப்பவனுக்கு, நம் ஊர் எச்சரிக்கை புரியும் மொழியில் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் புத்தகத்திலே சாதிக்கு ஒரு பக்கம், காலனிக்கு ஒரு பக்கம் என்று கோடு கிழிக்கலாகாது. ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண முகாம்களிலேகூடச் சாதி பார்த்தார்கள் என்னும் செய்தியைப் படித்துத் தலைகுனிந்தோம். தண்ணீர் சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. தண்ணீருக்கு இருக்கும் அறிவு மனிதனுக்கு வேண்டாமா? பெண்களை ஒதுக்கி வைப்பதும் கூடாது. பகல் நேரத்திலே தெருவில் இருப்பவர் பெரும்பாலும் தாய்மாரும் தங்கையருமே. அவர்களுக்கு நீச்சலும் முதலுதவியும் தெரியாத ஊர், பகலெல்லாம் காவலற்ற ஊர்.

இவ்வளவும் கூறுவதால் ஆட்சியாளர் தம் பொறுப்பைக் கைகழுவிவிடலாம் என்று எவரும் கருத வேண்டாம். ஏரியிலே மனை போடவிட்டது யார்? வாய்க்காலின் மேல் சுவர் எழ அனுமதித்தது யார்? ஏரி திறக்குமுன் கீழ்ப்புறத்து மக்களுக்குத் தக்க நேரத்திலே அறிவிக்க வேண்டியது யார்? இந்தக் கேள்விகளை விடப்போவதில்லை. இளைஞர் தம் கடமையைச் செய்துவிட்டுக் கேட்கும்போது, இந்தக் கேள்விகளுக்கு இரட்டை வலிமை வரும். கடமையைச் செய்தவனின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப எந்த நாற்காலிக்கும் துணிவிராது.

வெள்ளானூர் இளைஞர்களே! ஆவடியிலே உருளும் டாங்கி எல்லையைக் காக்கும். உங்கள் தெருவிலே முதுகு வளைந்த பாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேற அதனால் ஆகாது. அதற்கு உங்கள் தோள்தான் வேண்டும். அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பத்துப் பேர் கூடுங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். ஐம்பதடிக் கயிறு ஒன்று வாங்குங்கள். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போய், "எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்லவாட்டில் ஓர் ஒலிபெருக்கி செய்ததை வெள்ளானூரில் நீங்கள் செய்யலாம்.

மீண்டும் அந்த டீக்கடைக்கு வருவோம். மீண்டும் அதே கேள்வியைக் கேட்போம். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்போது, உங்களில் ஒருவன் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைக்கட்டும். அப்போது பெஞ்சிலே இருக்கும் அந்தப் பெரியவரும் மிலிட்டரியைக் கூப்பிடமாட்டார். "என் பேரையும் எழுதிக்கொள், தம்பி" என்பார்.